நாற்காலி உடம்புக்கு வயற்காட்டுத் தட்டு

1950களில் கல்கத்தாவை அடுத்த லட்லோ சணல் ஆலையில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஊட்டச்சத்து அறிஞர் ழான் மேயரும் அவருடைய இந்திய சகாக்கள் இருவரும் 213 பேரின் எடை, சாப்பாடு, செய்யும் வேலை மூன்றையும் குறித்துக்கொண்டார்கள். ஆலைக்குள் எல்லா வகை ஆட்களும் இருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர், நிலக்கரி அள்ளுகிறவர் ஒரு பக்கம்; குமாஸ்தாக்கள், மேற்பார்வையாளர்கள், நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள் இன்னொரு பக்கம். உடலுழைப்பு கூடக்கூடச் சாப்பாடும் கூடியதில் யாருக்கும் வியப்பில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் குறைவாகச் சாப்பிடவில்லை என்பதுதான் வியப்பு. மூட்டை தூக்குகிறவருக்கு ஈடாகவோ, அதற்கு மேலேயோ சாப்பிட்டார்கள். எடையும் அவர்களிடம்தான் அதிகம். வேலை குறையும்போது பசி ஓரளவுக்குத்தான் கூடவே குறைகிறது, ஒரு எல்லைக்குக் கீழே போனால் இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது என்று 1956-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது.

‘வயிறு கேட்கிற அளவு சாப்பிடு’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது நடமாடும் உடம்புக்குச் சரி. எட்டு மணி நேரம் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் உடம்பின் வயிறு கேட்பதை அப்படியே நம்ப முடியாது. தரமணியில் டைடல் பார்க் 2000-ல் திறக்கப்பட்டபின் பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) நெடுக லட்சக்கணக்கானோர் நாற்காலிக்கு மாறினார்கள். வங்கி, தலைமைச் செயலகம், காப்பீட்டு அலுவலகம் என்று அதற்கு முன்பே உட்கார்ந்தவர்களும் உண்டு. அவர்கள் என்ன சாப்பிடுவது என்ற கேள்விக்கு இன்று சந்தையில் நூறு பதில்கள் கிடைக்கின்றன: சிறுதானியம், சப்பாத்தி, பேலியோ, பதினாறு மணி நேர விரதம், கொள்ளு ரசம். இவற்றில் எது எவ்வளவு தேறும் என்று பார்ப்பதே இக்கட்டுரை.

முதலில் தேவை எவ்வளவு என்று பார்த்துவிடலாம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவுகளின்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்து வேலை செய்தால் நாளொன்றுக்கு 2,110 கலோரி போதும். கடும் உடலுழைப்புச் செய்கிறவருக்கு 3,470 வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு முறையே 1,660, 2,720. (இங்கே கலோரி என்பதெல்லாம் பேச்சுவழக்கில் சொல்லும் கிலோகலோரிதான்.) ஆணின் இரண்டு கணக்குக்கும் இடைவெளி 1,360 கலோரி. அதை அரிசியாக அளந்தால் சுமார் 390 கிராம், அதாவது இரண்டரை ஆழாக்குக்கு மேல். தாத்தா ஏர் ஓட்டியபோது சாப்பிட்டதற்கும் பேரன் மடிக்கணினி முன்னால் சாப்பிட வேண்டியதற்கும் உள்ள தூரம் அந்த இரண்டரை ஆழாக்கு. தட்டின் அமைப்பு மட்டும் தாத்தா காலத்தில் இருந்தபடியே இருக்கிறது: நடுவில் சோற்று மலை, ஓரத்தில் பெயருக்குக் காய்.

விளைவு உடம்பில் தெரிகிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடையோடு இருந்தார்கள். இந்திய அளவில் இது கால் பங்குக்கும் குறைவு. சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தி 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். நம் உடல்வாகும் இதற்குத் துணைபோகிறது. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் 2004-ல் லான்செட் இதழில் ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்த்தால் ஒல்லி, அளந்தால் கொழுப்பு. அதனால்தான் நம்மவர்களுக்கு எடை இயந்திரத்தைவிட இடுப்பளவு நாடா நம்பகமானது: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால், சட்டை எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், கணக்கு தப்பிவிட்டது என்று பொருள்.

சோற்றுக்கு வருவோம். சென்னையில் 1,843 பேரிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், அவர்கள் உண்ட கலோரியில் ஏறக்குறையப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதிலும் பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து வந்தது தெரிந்தது. அந்தப் பங்கு கூடியவர்களிடம் புதிதாகக் கண்டறியப்பட்ட நீரிழிவும் கூடுதல். இது இன்று நேற்றுத் தெரிந்த சங்கதி இல்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்ததே நம் குன்னூரில்தான். 1918-ல் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய கூடம் அது. ஹைதராபாத்துக்குப் போனது 1958-ல். மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவில் வளர்ந்தவை முதலிடம். தீட்டிய அரிசி நிறைய, மற்றவை சொற்பம் என்றிருந்த மதராஸ் உணவில் வளர்ந்தவை கடைசி இடம். அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1937-ல் குன்னூரிலிருந்தே இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார்.

அவர்களுக்கு இருந்த கவலை பற்றாக்குறை. நமக்கு இருப்பது மிகை. ஆனால் அன்று இளைத்தவனுக்குச் சொன்ன மருந்தும் இன்று பருத்தவனுக்குச் சொல்லும் மருந்தும் ஒன்றாகவே இருக்கிறது: அரிசியின் பங்கைக் குறை, பருப்பு, பால், காய், கீரையின் பங்கைக் கூட்டு. நூறாண்டாக ஒரே அறிவுரை, நாமும் நூறாண்டாக அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்கிறோம்.

அறிவுரையை எண்ணில் சொன்னால்தான் எட்டும். 2024-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 2,000 கலோரிக்கான ஒருநாள் தட்டு இருக்கிறது. தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டை வகை 35 கிராம், எண்ணெய் 27 கிராம். எல்லாம் சமைக்காத எடை. 250 கிராம் தானியம் என்பது நடைமுறையில் காலையில் நான்கு இட்லி, மதியம் ஒன்றரை கப் சோறு, இரவு மூன்று சப்பாத்தி. அவ்வளவுதான், அதோடு அன்றைய தானியக் கணக்கு முடிந்தது. நான்கு மணிக்குச் சாப்பிடும் பிஸ்கெட்டும் பப்ஸும் அதற்கு மேல்தான் ஏறும். உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு இதிலும் ஆறில் ஒரு பங்கு குறைய வேண்டும்.

இங்கேதான் சிறுதானியக் கட்சி குறுக்கே வருகிறது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் சாமை பொங்கலும் வரகரிசி பிரியாணியும் கேண்டீன் பலகையில் ஏறிவிட்டன. நல்லதுதான். ராகியில் 100 கிராமுக்கு 11 கிராம் அளவுக்கு நார்ச்சத்து, 350 மில்லிகிராம் அளவுக்கு கால்சியம். அரிசி இரண்டிலும் பக்கத்தில் நிற்க முடியாது. கலோரியைப் பார்த்தால் கதை வேறு. அரிசி 100 கிராமில் 356, சாமை 346, வரகு 331, ராகி 320, கம்பு 347. பெரிய வித்தியாசம் எங்கே? போதாக்குறைக்கு, கடையில் வெள்ளை வெளேரென்று கிடைக்கும் சாமையும் வரகும் நன்றாகத் தீட்டப்பட்டவை. நார் பாதி வழியிலேயே போய்விடுகிறது. நைஸாக அரைத்த ராகி மாவில் காய்ச்சிய கஞ்சி ரத்தத்தில் சர்க்கரையை வேகமாகத்தான் ஏற்றும். 1,21,000 பேரின் உணவை ஆராய்ந்து 2025-ல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு இந்த வாதத்தை ஏறக்குறைய முடித்தே வைத்துவிட்டது. இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, வெறும் 12 சதவீதம்தான் புரதம். வெள்ளை அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு கோதுமையோ சிறுதானியமோ வைப்பதால் நீரிழிவு ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தபோது குறைந்தது. தானியத்தை மாற்றுவது இரண்டாம் பட்சம், அளவைக் குறைப்பதே முதல் வேலை.

சப்பாத்திக்கும் இதே தீர்ப்புதான். ‘ராத்திரி சப்பாத்திதான், டயட்ல இருக்கேன்’ என்று சொல்லாத அலுவலகம் தமிழ்நாட்டில் இல்லை. 30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தி 100 கலோரி, எண்ணெய் தடவினால் 130. நான்கு சப்பாத்தியும் தேங்காய் அரைத்த குருமாவும் சேர்ந்தால் ஒரு முழுச் சாப்பாட்டுச் சோற்றை எட்டிவிடும். சப்பாத்திக்கு ஒரு நன்மை உண்டு: எண்ண முடியும். சோற்றை யாரும் எண்ணுவதில்லை. கைக்குத்தல் அரிசிக்கு ஓரளவு சான்று இருக்கிறது. சென்னையில் அதிக எடையுள்ளவர்களிடம் நடந்த சிறிய ஆய்வொன்றில் வெள்ளை அரிசிக்குப் பதில் தீட்டாத அரிசி கொடுத்தபோது 24 மணி நேரச் சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் அதை மூன்று வேளையும் மென்று தின்னப் பொறுமை உள்ளவர் குறைவு. வீட்டில் ஒருவருக்காகத் தனி உலை வைப்பதும் நடக்கிற காரியமில்லை. வெள்ளைச் சோற்றையே பாதியாக்கிக்கொள்வது எளிது.

பேலியோ இதற்கு நேர் எதிர்த் துருவம். பத்தாண்டுக்கு முன் தமிழ் இணையத்தில் ஒரு இயக்கமாகவே பரவியது. அரிசியை அடியோடு நிறுத்தியதால் பலருக்கு எடை இறங்கியது உண்மை. ‘காலைக்கு நூறு பாதாம்’ என்பது அதில் பிரபலமான ஒரு வேளை. நூறு பாதாம் 600 கலோரிக்குக் குறையாது. மதியம்வரை பசிக்காமல் இருந்ததில் மாயம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் 609 பேரை ஓராண்டு தொடர்ந்து 2018-ல் வெளியான ஆய்வு, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் எடை இழப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. நேரம் பார்த்துச் சாப்பிடும் விரதத்துக்கும் அப்படித்தான்: சீனாவில் 139 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், கலோரியைக் குறைத்தவர்களுக்கும், அதே அளவு குறைத்து எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஆண்டு முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பது சிலருக்கு வசதி, அதற்கு மேல் மகிமை ஒன்றுமில்லை. காலையைத் தவிர்த்துவிட்டுப் பதினோரு மணிக்கு இரண்டு வடையோடு விரதத்தை முடிக்கிறவர்களை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

பட்டியலில் மிச்சம் கொள்ளு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழியே இருப்பதால் அதற்குக் கொழுப்பைக் கரைக்கும் மந்திர சக்தி ஏற்றிச் சொல்லப்படுகிறது. கொள்ளில் புரதம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். நார்ச்சத்தும் நன்றாக இருக்கிறது. அது ஒரு பயறு, அதுதான் அதன் சக்தி. ஆனால் கொள்ளை வேகவைத்து வடித்த நீரை ரசமாக்கிக் குடித்துவிட்டுப் பயறை ஒதுக்கினால் சத்து அத்தனையும் பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

இந்தப் பயறு விஷயத்தில்தான் தமிழ்ச் சமையல் உண்மையிலேயே சறுக்குகிறது. நாம் தினமும் சாம்பார் சாப்பிடுகிறோம், ஆகவே பருப்புக்குக் குறைவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். நான்கு பேர் வீட்டில் சாம்பாருக்கு எவ்வளவு துவரம்பருப்பு வேகிறது? தாராளக் கையாக இருந்தால் நூறு கிராம். ஆளுக்கு 25 கிராம், புரதமாகப் பார்த்தால் ஐந்தரை. வழிகாட்டி கேட்பது 85 கிராம். ரசத்தில் பருப்புத் தண்ணீர் மட்டும். காரக்குழம்பு, வத்தக்குழம்பு வைக்கும் நாளில் அதுவும் கிடையாது. ஹோட்டல் சாம்பாரில் கரண்டியை அடிவரை விட்டுத் துழாவிப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் கடையின் விகிதமும் இதையே காட்டுகிறது: 2011-லிருந்து அரிசி இலவசம், பல கிலோ, துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம்.

ஆனால் வழியும் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. இட்லி மாவில் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. அடையிலோ அரிசியும் பருப்பும் ஏறக்குறையச் சரிபாதி. கடலை, துவரை, உளுந்து, பாசி எல்லாம் போட்டு, முருங்கைக்கீரை கிள்ளிப்போட்டு, எண்ணெயை மட்டும் அடக்கி ஊற்றிச் சுட்ட இரண்டு அடை, நாற்காலிக்காரருக்கான ஆகச்சிறந்த காலைச் சாப்பாடு என்பது என் கட்சி. பாசிப்பயறு தோசையும் அந்த வரிசையில் சேரும். வெண்பொங்கல் பருப்புச் சேர்ந்ததுதானே என்று கேட்பார்கள். அதில் பருப்பைவிட நெய் அதிகம் பேசுகிறது. கூட்டு, கீரை மசியல், பருப்பு உசிலி மூன்றும் காயையும் பருப்பையும் ஒன்றாகச் சேர்த்த அருமையான கண்டுபிடிப்புகள். அவற்றைத் தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி வைப்பதை விட்டுவிட்டு ஒரு கிண்ணம் நிறைய வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் எளிது: ஒரு முட்டை 75 கலோரிக்குள், ஆறு கிராமுக்கு மேல் புரதம். குழம்பு மீனும் அப்படியே. வறுத்தால் கணக்கு மாறும்.

ஒரு டப்பாவைப் பிரித்துப் பார்ப்போம். ஓ.எம்.ஆர். அலுவலகம் ஒன்றில் மதியம் ஒரு மணிக்குத் திறக்கும் இரண்டடுக்கு டப்பா. கீழே எலுமிச்சை சாதம், மேலே உருளைக்கிழங்கு வறுவல். 120 கிராம் அரிசி 420 கலோரி. தாளிக்க ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 130. ஒரு கைப்பிடி வேர்க்கடலை 85. உருளைக்கிழங்கும் அதை வறுத்த எண்ணெயும் 150. மொத்தம் ஏறக்குறைய 785 கலோரி, 14 கிராம் புரதம், காய் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. உருளையைக் காய்கறிக் கணக்கில் எழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. இதே டப்பாவில் 60 கிராம் அரிசிச் சோறு 210, ஆளுக்கு 30 கிராம் பருப்பு விழும்படி வைத்த கெட்டிச் சாம்பார் 100, தேங்காய் தூவிய 150 கிராம் பீன்ஸ் பொரியல் 125, ஒரு முட்டையோ அதற்குச் சமமான சுண்டலோ 75 முதல் 100, ஒரு கிண்ணம் தயிர் 90. கூட்டினால் 600 சொச்சம், புரதம் 25 கிராம் அளவுக்கு வரும். இரண்டாவது டப்பா முதல் டப்பாவைவிடக் கனமானது என்பதைக் கவனிக்க வேண்டும். குறைந்த கலோரி என்றால் அரைவயிறு என்று யார் சொன்னது? புடலை, பீர்க்கை, சுரை, வெண்பூசணி, சௌசௌ எல்லாம் 100 கிராமுக்கு 20 கலோரிக்கு முன்பின்தான். உலகத்தில் வேறு எந்தச் சமையலும் இத்தனை நீர்க்காய்களை இத்தனை வகையாகச் சமைப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் ஏன் எல்லார் டப்பாவிலும் எலுமிச்சை சாதம்? காலை ஆறு மணி அடுக்களையில் நின்று பார்த்தால் பதில் கிடைக்கும். கலவை சாதம் பதினைந்து நிமிடம். ஆளுக்கு 400 கிராம் காயென்றால் நான்கு பேருக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அதைக் கழுவி, சீவி, நறுக்க வேண்டும். நறுக்குவது பெரும்பாலும் பெண். அவருக்கும் எட்டே முக்காலுக்கு அலுவலகப் பேருந்து இருக்கிறது. உணவு வழிகாட்டிகள் இந்த உழைப்பைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆரோக்கியச் சமையல் என்று எழுதுகிறவர்கள் யார் நறுக்குவது என்றும் எழுத வேண்டும். இரவே நறுக்கி வைத்தால் கொஞ்சம் சத்துப் போகுமே என்று கவலைப்படுபவர்கள், நறுக்காமல் போனால் மொத்தச் சத்தும் போகும் என்பதை நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அரிவாள்மணையையோ கத்தியையோ கணவரிடம் நீட்டலாம். கடையில் நறுக்கிக் கட்டி விற்கும் சாம்பார் காய்ப் பொட்டலத்தை வாங்குவதில் குற்றவுணர்ச்சி வேண்டாம்.

எண்ணெய்க்கு நீண்ட வியாக்கியானம் தேவையில்லை. எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரி. மரச்செக்கில் ஆட்டினாலும் அதேதான், நெய்யும் ஏறக்குறைய அதேதான். நாளுக்கு 27 கிராம் என்றால் நான்கு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர், நெய் உட்பட. மாதக் கடைசியில் காலி பாட்டில்களை எண்ணினால் போதும், எந்தச் செயலியும் வேண்டாம். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றும் கலோரியில் சர்க்கரையின் உறவினர்கள்.

பலருடைய கணக்கு உண்மையில் சாப்பாட்டில் தவறுவதில்லை, இடைவேளைகளில் தவறுகிறது. கெட்டிப் பாலில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட காபி ஒன்று ஏறக்குறைய 100 கலோரி. காலையில் வீட்டில் ஒன்று, போனதும் ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று. நான்கு காபி ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம், ஆனால் யாரும் அதைச் சாப்பாடாக எண்ணுவதில்லை. நான்காவதோடு ஒரு வடையோ பப்ஸோ வரும், 150 முதல் 300. யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக். யாராவது வேலையை விட்டுப் போனால் பிரியாணி. ‘டயட் பிஸ்கெட்’ என்று மேசை இழுப்பறையில் வைத்திருப்பதும் 100 கிராமுக்கு 480 கலோரி. மெரினாவில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் விற்கிற ஊரில், கடற்கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் கேண்டீனில் நான்கு மணிக்குச் சுண்டல் கிடைக்காது, சமோசா கிடைக்கும். நவராத்திரிக்கு ஒன்பது நாளும் ஒன்பது வகைச் சுண்டல் செய்யத் தெரிந்த சமூகம் மீதி நாட்களில் மைதாவுக்கு ஏன் போகிறது என்பது எனக்குப் புரியாத புதிர்.

இத்தனையும் செய்தால் பலன் உண்டா? உண்டு என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரிடம் நடத்திய தடுப்பு ஆய்வு 2006-ல் வெளியானது. மொத்தக் கலோரி, தீட்டிய தானியம், எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றைக் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டி, அசையாத வேலை பார்க்கிறவர்கள் தினம் அரை மணி நடக்க வேண்டும்: இவ்வளவுதான் சொல்லப்பட்டது. அறிவுரை பெறாதவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேர் நீரிழிவுக்குள் போனார்கள், பெற்றவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். இதில் பலரும் கவனிக்காத ஒரு சங்கதி: அறிவுரை பெற்ற குழுவின் சராசரி எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை இயந்திரம் அசையாவிட்டாலும் உடம்புக்குள் வேலை நடந்திருக்கிறது. மூன்று வாரத்தில் ஐந்து கிலோ என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்த ஆய்வைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். எடை குறைக்கும் ஊசிகள் 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. உடல்பருமன் நோயாகிவிட்டவர்களுக்கு மருத்துவர் பார்த்துக் கொடுக்கும் அவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊசியும் தட்டில் பருப்பை வைக்காது.

நாற்காலியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், உட்கார்ந்தே இருந்தவர்களை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி இரண்டு நிமிடம் நடக்கவைத்தபோது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை கால் பங்கு அளவுக்குக் குறைந்தது. 2012-ல் வந்த முடிவு அது. அழைப்பு வந்தால் எழுந்து நடந்துகொண்டே பேசுவது, சாப்பிட்டபின் மின்தூக்கி பக்கம் போகாமல் படியேறுவது எல்லாம் இந்த வகை. தட்டில் எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதற்கும் சிறிய ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது: காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்றால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. பொரியலையும் சுண்டலையும் முதலில் தின்று முடித்துவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சோறு தானாகவே பாதிதான் இறங்கும். இரவுப் பணியில் இருப்பவர்களின் பாடு தனி. அதற்கு இந்தக் கட்டுரை போதாது. நடுராத்திரியில் பரோட்டா வேண்டாம் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் தனி மனிதரின் தட்டைப் பற்றியது. தட்டில் விழுவதைத் தீர்மானிக்கிறவர் பாதி நேரம் வேறொருவர். நம் மெஸ்களிலும் கேண்டீன்களிலும் ‘முழுச் சாப்பாடு’ என்றால் சோறு கேட்கக் கேட்க வரும். பொரியல் ஒரு கரண்டிக்கு மேல் கேட்டால் பரிமாறுகிறவர் காது கேளாததுபோல் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். காரணம் எளிது, இருப்பதிலேயே மலிவு சோறுதான். மண்வெட்டி பிடித்துவிட்டு வந்தவரின் வயிற்றை நிரப்ப ஏற்பட்ட ஏற்பாடு அது. பத்துக் கிளைகளுக்குக் குறையாத உணவகங்கள் பட்டியலில் கலோரியை அச்சிட வேண்டும் என்று 2022-லிருந்து சட்டம் இருக்கிறது; ஒற்றைக் கிளை மெஸ்ஸுக்கு அது பொருந்தாது. ஆனால் நிறுவனத்துக்குள் இருக்கும் கேண்டீனுக்கு ஒப்பந்தம் எழுதுவது நிறுவனம்தான். உடற்பயிற்சிக் கூடத்துக்கும் யோகா தினத்துக்கும் செலவழிக்கும் மனிதவளத் துறை, ஒரு கரண்டி பருப்புக்கு ஒப்பந்தக்காரரிடம் கணக்குப் பார்ப்பது முரண்.

கேண்டீன் ஒப்பந்தங்கள் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படுகின்றன. உங்கள் அலுவலகத்தில் அடுத்த முறை புதுப்பிக்கும் முன் நான்கு பேர் சேர்ந்து போய் இதைக் கேளுங்கள்: சோறு அளவோடு, பொரியலும் கூட்டும் கேட்டவரை, சாம்பாரில் ஆளுக்கு இத்தனை கிராம் பருப்பு என்று எழுத்தில், நான்கு மணிக்குச் சமோசாவோடு சுண்டலும். விலை ஐந்து பத்து கூடினாலும் கேளுங்கள்.